வணிக இணையதளம்: நல்ல வடிவமைப்பை எதைக் கொண்டு அளப்பது?

வணிக இணையதளத்துக்கு வருபவர் பெரும்பாலும் ஒரு வேலையோடு வருகிறார். ஒரு பொருளின் விலை தெரிய வேண்டும். கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று பார்க்க வேண்டும். பயணச்சீட்டு எடுக்க வேண்டும். வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலை விரைவாகவும் தடுமாற்றமின்றியும் முடிந்தால், வந்தவர் ஏமாறாமல் திரும்பினால், தளம் நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். முடியாவிட்டால் நிறமும் படமும் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் பயனில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளும் வணிக அனுபவங்களும் இந்த அளவுகோலையே உறுதிப்படுத்துகின்றன. தளங்களில் காணப்படும் குறைகள் பலவிதம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுவது வேறு, வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள வந்தது வேறு.

அலங்காரத்தின் காலம்

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையம், அங்கே டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலை மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் நிறுவனங்கள் வரிசையாக இணையத்தில் இடம் பிடித்தன. அச்சிட்ட விளம்பரக் கையேட்டை அப்படியே திரையில் ஏற்றியவை பல. மினுக்கும் எழுத்து, ஓடும் வரி, தானாக ஒலிக்கும் இசை, உள்ளே நுழையும் முன் ஓடும் ஃபிளாஷ் அசைபடம் ஆகியவை 1990களின் பிற்பகுதியில் பெருமைக்குரியவையாகக் கருதப்பட்டன.

அந்தப் போக்கின் உச்சம் பூ டாட் காம். லண்டனிலிருந்து இயங்கிய இந்த ஆடை விற்பனைத் தளம் 1999 நவம்பரில் ஒரே சமயத்தில் பல நாடுகளுக்கும் திறக்கப்பட்டது. உடைகளைச் சுழற்றிப் பார்க்கலாம், பெரிதாக்கிப் பார்க்கலாம்; 'மிஸ் பூ' என்ற அசையும் உருவம் விற்பனைப் பெண்ணாகக் கூடவே வரும். ஆனால் அன்று பெரும்பாலான வீடுகளில் இருந்தது தொலைபேசிக் கம்பி வழியே இயங்கிய மோடம். பக்கம் திறப்பதற்குள் பலருக்குப் பொறுமை போய்விட்டது. சுமார் 13.5 கோடி டாலரைச் செலவழித்த பிறகு, 2000 மே மாதம் நிறுவனம் மூடப்பட்டது. கட்டுமீறிய செலவும் அப்போது சரிந்துகொண்டிருந்த பங்குச் சந்தையும் அதை வீழ்த்தியதில் பங்கு வகித்தன. என்றாலும், வாங்குபவரின் மேசையில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்க்காமல் கட்டிய தளம் விற்பனைக்குத் துணை நிற்காது என்ற பாடம் அதில் மிஞ்சியது.

எதிர்முனையிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற வரிவிளம்பரத் தளம் பல ஆண்டுகள் அலங்காரமே இல்லாமல், வெறும் இணைப்புகளின் பட்டியலாக இருந்தபடியே செழித்தது. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனத் தளத்தின் முகப்பிலும் ஆண்டறிக்கைகளுக்கும் கடிதங்களுக்குமான இணைப்புகளைத் தவிர அதிகம் எதுவும் கிடையாது. இரண்டிடத்திலும் வருபவர் தேடுவது இன்னதென்று தளத்துக்குத் தெரியும். தேடியது உடனே கிடைத்துவிடுகிறது.

முதல் பார்வையும் நம்பிக்கையும்

இதனால் தோற்றம் முக்கியமல்ல என்றாகிவிடாது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிட்டே லிண்ட்கார்டும் உடன் பணியாற்றியவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பக்கத்தை 50 மில்லிவிநாடி மட்டுமே காட்டினாலும் அதன் கவர்ச்சி பற்றி மக்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவது தெரிந்தது. கூடுதல் நேரம் பார்த்த பிறகு அவர்கள் அளித்த மதிப்பெண்ணும் ஏறக்குறைய அதையே ஒத்திருந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் தலைமையில் 2002இல் நடந்த ஆய்வு நம்பகத்தன்மையைப் பற்றியது. 2,684 பேர் தளங்களை ஒப்பிட்டு, எதை நம்பலாம், ஏன் என்று கருத்து எழுதினர். அக்கருத்துகளில் 46.1 சதவீதம் தளத்தின் தோற்றத்தைக் குறிப்பிட்டன. நெருக்கியடித்த வரிகள், பொருந்தாத நிறங்கள், மங்கிய படங்கள் ஆகியவற்றைப் பார்ப்பவர், இவ்வளவு அக்கறையின்றி இருப்பவர்கள் பணத்தையும் பொருளையும் எப்படிக் கையாள்வார்கள் என்று ஐயுறுகிறார்.

தோற்றம் உண்டாக்கும் நம்பிக்கையைத் தகவல்கள்தாம் நிலைநிறுத்த வேண்டும். நிறுவனத்தின் பதிவுப் பெயர், முழு முகவரி, யாராவது எடுத்துப் பேசும் தொலைபேசி எண், வரியும் அனுப்புகைக் கட்டணமும் சேர்ந்த விலை, திருப்பி அளிக்கும் விதிமுறை ஆகியவை எளிதில் கண்ணில் பட வேண்டும். இந்தியாவில் இது வடிவமைப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020இன்படி, மின்வணிக நிறுவனம் தன் சட்டப்பூர்வப் பெயரையும் முகவரியையும் குறைதீர் அலுவலரின் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் வேண்டும்.

வேகம்

காத்திருப்பதில் மனிதருக்கு உள்ள எல்லைகள் வலை தோன்றுவதற்கு முன்பே அளக்கப்பட்டவை. ராபர்ட் மில்லர் 1968இல் தொடங்கிவைத்த ஆய்வை அடியொற்றி, டென்மார்க்கில் பிறந்த பயன்பாட்டியல் வல்லுநர் யாக்கோப் நீல்சன் மூன்று வரம்புகளை 1993இல் வகுத்துச் சொன்னார். 0.1 விநாடிக்குள் கிடைக்கும் பதில் உடனடியானதாகத் தோன்றும். ஒரு விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து விநாடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும்.

சிறு தாமதமும் வணிகத்தைத் தொடும். கூகுள் ஒருமுறை தேடல் பக்கத்தில் 10 முடிவுகளுக்குப் பதில் 30 முடிவுகளைக் காட்டிச் சோதித்தது. கூடுதல் முடிவுகள் வேண்டும் என்று கேட்டவர்கள் பயனாளர்களே. ஆனால் பக்கம் வர அரை விநாடி கூடுதலாயிற்று. அந்தக் குழுவில் பயன்பாடு 20 சதவீதம் குறைந்தது என்று அப்போது அங்கே பணியாற்றிய மரிசா மேயர் 2006இல் தெரிவித்தார்.

கூகுள் 2020இல் அறிவித்த அளவைகள் இன்று பலராலும் பின்பற்றப்படுகின்றன. பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது ஒன்று. தொட்டதற்கான பதில் 200 மில்லிவிநாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது பின்னர், 2024இல் சேர்ந்தது. மூன்றாவது அளவை, ஏற்றப்படும்போது பக்கம் குதிக்காமல் இருப்பதைப் பற்றியது. 'வாங்கு' பொத்தானை நோக்கி விரல் போகும் நேரத்தில் மேலே ஒரு விளம்பரம் தாமதமாக வந்து நுழைகிறது. பக்கம் கீழே தள்ளப்படுகிறது. விரல் விளம்பரத்தின் மேல் விழுகிறது. படத்துக்கும் விளம்பரத்துக்கும் வேண்டிய இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைத்தால் இந்த எரிச்சல் எழாது.

மெதுவான தளங்களின் காரணங்களும் தெரிந்தவையே. கேமராவில் எடுத்த பல மெகாபைட் படத்தைச் சுருக்காமல் ஏற்றுவது முதலிடத்தில் நிற்கும். பார்வையாளரைப் பின்தொடரும் நிரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது, பயன்படாத எழுத்துருக்களை வரவழைப்பது, மலிவான சர்வரில் அளவுக்கு மீறிய சுமையை வைப்பது ஆகியவை அடுத்தவை. அலுவலகத்தின் அதிவேக இணைப்பில் புதிய கணினியில் பார்த்து ஒப்புதல் தரும் உரிமையாளருக்கு இவற்றில் எதுவும் தெரியவருவதில்லை.

தேடி வந்தது கண்ணில் படுதல்

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் 1990களில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். விலங்கு மோப்பம் பிடித்து இரையைத் தேடுவதுபோல மனிதர் தகவலைத் தேடுகிறார் என்பது அதன் சாரம். இணைப்பில் உள்ள சொல், தேடுவது அப்பக்கம் இருக்கிறது என்ற குறிப்பைத் தர வேண்டும். குறிப்பு வலுவாக இருந்தால் நான்கைந்து சொடுக்குகள் கூடப் பாரமாகத் தெரியாது. மங்கினால் இரண்டாவது சொடுக்கிலேயே ஆள் கிளம்பிவிடுவார்.

மெனுக்களில் நேரும் பெரும்பிழை இங்கேதான். நிறுவனத்தின் துறைகள் எப்படிப் பிரிந்திருக்கின்றனவோ அப்படியே மெனுவும் பிரிக்கப்படுகிறது. வங்கியின் 'சில்லறைச் சொத்துப் பிரிவு' எது என்று அங்கே வேலை பார்ப்பவருக்குத் தெரியும். வீட்டுக்கடன் கேட்டு வருபவருக்குத் தெரியாது. அவர் தேடுவது 'வீட்டுக்கடன்' என்ற சொல்லைத்தான். 'தீர்வுகள்', 'வளங்கள்', 'எங்கள் பார்வை' போன்ற தலைப்புகள் எதை வேண்டுமானாலும் குறிக்கக்கூடியவை. அதனால் எதையும் குறிப்பதில்லை.

திரையில் மக்கள் வரிவரியாகப் படிப்பதும் குறைவு. நீல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களில் 79 சதவீதத்தினர் பக்கத்தை மேலோட்டமாகக் கண்ணால் துழாவினர். சொல்விடாமல் படித்தவர்கள் 16 சதவீதமே. அவரது குழு 2006இல் 232 பேரின் கண் அசைவைப் பதிவுசெய்தபோது, மேலே இரண்டு கிடைக்கோடுகளும் இடப்புறம் கீழிறங்கும் ஒரு கோடுமாக, ஆங்கில 'எஃப்' எழுத்தைப்போல் பார்வை நகர்வது தெரிந்தது. முக்கியமான செய்தி தலைப்பிலும் பத்தியின் முதல் சொற்களிலும் இருக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து பிறந்தது.

அதே 1997 ஆய்வின் இன்னொரு பகுதி விளம்பர எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டியது. ஒரே சுற்றுலாத் தகவலைப் பல வடிவங்களில் எழுதி, படிப்பவருக்கு எது எளிதில் பயன்படுகிறது என்று அளந்தனர். சொற்களைப் பாதியாகக் குறைத்தபோது பயன்பாட்டு மதிப்பு 58 சதவீதம் உயர்ந்தது. சொற்களைக் குறைக்காமல் தற்புகழ்ச்சியை மட்டும் நீக்கியபோதே 27 சதவீதம் உயர்ந்தது. சுருக்கம், தெளிவான பட்டியல் அமைப்பு, நடுநிலையான மொழி மூன்றும் சேர்ந்தபோது உயர்வு 124 சதவீதம். 'உலகத் தரம்', 'முன்னணி', 'ஒப்பற்ற சேவை' என்ற அடைமொழிகளைத் தாண்டி உண்மையைத் தேடிப் பிடிக்கும் வேலை படிப்பவர் தலையில் விழுகிறது என்பதே இதற்கு விளக்கம்.

முகப்பில் மாறி மாறி ஓடும் படவரிசையும் இவ்வகைக் குறையே. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தளத்தில் 2013இல் கணக்கெடுத்தபோது, வந்தவர்களில் சுமார் ஒரு சதவீதத்தினரே அதைச் சொடுக்கினர். அச்சொடுக்குகளிலும் மிகப் பெரும்பாலானவை முதல் படத்தின்மீது விழுந்தவை. பல துறைத் தலைவர்களும் முகப்பில் இடம் கேட்கும்போது யாரையும் வருத்தாமல் இருக்கக் கிடைத்த சமரசம் அது, வாடிக்கையாளருக்காக வந்ததன்று.

சிறு நிறுவனங்களின் தளங்களில் குறை இன்னும் அடிப்படையானது. ஒரு திருமண மண்டபத்தின் தளத்தில் வரவேற்பு வாசகமும் நிறுவனரின் படமும் முதலில் வரும். இருக்கைகள் எத்தனை, வாடகை எவ்வளவு, எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்காது. தொலைபேசி எண் விளம்பரப் பலகையின் படத்துக்குள் புதைந்திருக்கும்; அதைத் தொட்டால் அழைப்புப் போகாது, தாளில் எழுதிக்கொண்டுதான் கூப்பிட வேண்டும். தேடுபொறிக்கும் அந்த எண் எளிதில் எட்டாது. படத்துக்கு வெளியே எழுத்தாக எண், வரைபட இணைப்பு, கட்டண விவரம், கொள்ளளவு என்று நான்கு வரி சேர்த்தால் தளம் பயனுள்ளதாகிவிடும்.

படிவமும் பணம் செலுத்தும் இடமும்

பொருளைத் தேர்ந்தெடுத்துத் தளத்தின் வாங்கும் வண்டியில் போட்ட பிறகும் பலர் வாங்காமல் விலகுகிறார்கள். பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல கணக்கெடுப்புகளைத் தொகுத்துக் கண்ட சராசரி ஏறக்குறைய 70 சதவீதம். வெறுமனே விலை பார்க்க வந்தவர்களும் இதில் அடக்கம். ஆனால் கடைசிக் கட்டத்தில் தலைகாட்டும் கூடுதல் கட்டணமும், கட்டாயக் கணக்குப் பதிவும், நீண்ட படிவமும் வாங்க வந்தவரையே விரட்டுகின்றன.

அமெரிக்காவின் பெரிய விற்பனைத் தளம் ஒன்றைப் பற்றிப் பயன்பாட்டியல் வல்லுநர் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதியது புகழ்பெற்றது. நிறுவனத்தின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. பணம் செலுத்தும் முன் உள்நுழையவோ புதிதாகப் பதிவுசெய்யவோ சொல்லும் சிறிய படிவம் அத்தளத்தில் இருந்தது. அடிக்கடி வாங்குபவருக்கு அது வசதி என்று நிறுவனம் எண்ணியது. சோதித்துப் பார்த்தபோது புதியவர்கள் எரிச்சலடைந்தனர். பழையவர்களோ எந்த மின்னஞ்சலில் பதிந்தோம், கடவுச்சொல் என்ன என்று தெரியாமல் விழித்தனர். 'பதிவு செய்க' என்ற பொத்தானை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்து, கணக்கு இல்லாமலே வாங்கலாம் என்று ஒரு குறிப்பும் சேர்த்தனர். வாங்கி முடித்தவர்களின் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது. முதலாண்டில் கூடுதல் வருவாய் 30 கோடி டாலர்.

எக்ஸ்பீடியா பயணத் தளத்தில் சிக்கல் ஒரே ஒரு கட்டத்தில் இருந்தது. பெயருக்குக் கீழே 'நிறுவனம்' என்ற கட்டம்; நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. சிலர் அது தங்கள் வங்கியின் பெயரைக் கேட்கிறது என்று எண்ணி அதை எழுதினர். தொடர்ந்து முகவரிக் கட்டத்தில் வங்கியின் முகவரியையும் எழுதினர். அட்டைக்குரிய வீட்டு முகவரியோடு அது பொருந்தாததால் பணம் செலுத்துதல் தோல்வியடைந்தது. அந்தக் கட்டத்தை நீக்கியதும் ஆண்டு லாபம் 1.2 கோடி டாலர் கூடியதாக 2010இல் செய்தி வெளியானது. தேவையில்லாத கேள்வி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடத்தக்கதல்ல என்பதற்கு இது சான்று.

பிழைச் செய்தியும் வடிவமைப்பின் பகுதியே. 'செல்லாத உள்ளீடு' என்ற சிவப்பு வரி எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று சொல்வதில்லை. 'அஞ்சல் குறியீட்டில் ஆறு இலக்கம் வேண்டும்' என்ற வரி அந்தக் கட்டத்துக்கு அருகிலேயே தோன்றினால் திருத்துவது எளிது. பிழை நேர்ந்ததும் நிரப்பியதெல்லாம் அழிந்துபோகும் படிவம் இருப்பவற்றில் மிக மோசமானது.

எல்லாத் திரைக்கும், எல்லோருக்கும்

உலக அளவில் கைபேசி, டேப்லெட் வழி இணையப் பயன்பாடு மேசைக் கணினியை முந்தியது 2016 அக்டோபரில் என்று இணையப் புள்ளிவிவர நிறுவனமான ஸ்டாட்கவுண்டர் கணக்கிட்டது. திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வடிவமைப்பு முறையை வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் 2010இலேயே விளக்கியிருந்தார். அகலம் பொருந்துவதோடு வேலை முடிவதில்லை. கைபேசிக்காரர் வெயிலில் நின்றபடி ஒற்றைக் கையால் இயக்குகிறார். எழுத்து பெரிதாகவும், பொத்தான்கள் விரலுக்கு எட்டும்படியும் ஒன்றுக்கொன்று விலகியும், திரையை மறைக்கும் பாப்அப் இல்லாமலும் இருந்தால்தான் அவர் வேலை நடக்கும்.

பார்வையற்றவர்களும் இணையத்தில் வாங்குகிறார்கள். திரையில் உள்ளதைக் குரலாக்கும் மென்பொருள் அவர்களுக்கு உதவுகிறது. படத்துக்கு மாற்று விளக்கம் இல்லாவிட்டால், பொத்தானுக்குப் பெயர் இல்லாவிட்டால் அந்தக் குரலுக்குச் சொல்ல எதுவும் இருக்காது. சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட்டின் தளம் இப்படி இருக்கிறது என்று அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு 2006இல் வழக்குத் தொடர்ந்தது. 2008இல் 60 லட்சம் டாலர் இழப்பீட்டு நிதியோடு சமரசம் ஏற்பட்டது. தளத்தைத் திருத்தவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் நெறிகள் 1999 முதல் வெளிவருகின்றன, 2.2ஆம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்தை நேர்த்தி என்று கருதும் தளங்கள் இதை மீறுகின்றன. முதியவர்களுக்கும் அது படிக்க முடியாததாகிறது.

மொழியும் அணுகலின் ஒரு கூறே. இந்திய மொழிகளில் இணையத்தைப் பயன்படுத்துவோர் 2016இல் 23.4 கோடி, ஆங்கிலத்தில் பயன்படுத்துவோர் 17.5 கோடி என்று கூகுளும் ஆலோசனை நிறுவனமான கேபிஎம்ஜியும் 2017இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் 2020இல் தமிழ் இடைமுகத்தைத் தந்தன. ஆங்கிலத்துக்கென வரைந்த சட்டகத்தில் தமிழை ஊற்றினால் சிக்கல் வரும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பொத்தானில் பாதி மறைந்துவிடும். கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையே கூடுதல் இடம் வேண்டும். முகப்பை மட்டும் தமிழாக்கிவிட்டு, படிவம், கட்டணம், பிழைச் செய்தி ஆகியவற்றை ஆங்கிலத்தில் விட்டுவைப்பது இன்னொரு குறை. முகப்பைவிட அந்த இடங்களில்தான் வாடிக்கையாளருக்குத் தாய்மொழி அதிகம் தேவைப்படுகிறது.

நேர்மை

மேலே கண்ட குறைகள் கவனக்குறைவால் நேர்பவை. வேண்டுமென்றே செய்யப்படுபவையும் உண்டு. அவற்றுக்கு 'இருண்ட வடிவங்கள்' என்ற பெயரை வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010இல் வைத்தார். கேட்காத காப்பீட்டை வண்டியில் நுழைப்பது, 'இன்னும் ஒன்றுதான் மீதி' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சேர்வதற்கு ஒரு சொடுக்கும் விலகுவதற்கு ஏழு பக்கமும் வைப்பது, விலையைத் துளித்துளியாகக் கூட்டிக்கொண்டே போவது ஆகியவை இவ்வகை.

இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 முறைகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்கின்றன. இந்த முறைகளைக் கையாளும் மாதத்தில் விற்பனை உயரலாம். வடிவமைப்பு வெற்றி என்று அறிக்கையிலும் எழுதலாம். ஆனால் வந்தவரின் வேலை கெட்டு, நிறுவனத்தின் வேலை மட்டும் நடந்திருக்கிறது. புகாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதும் வாடிக்கையாளர் இழப்பும் பின்னால் வந்து சேரும் செலவுகள்.

சோதித்தலும் புதுப்பித்தலும்

ஒரு தளத்தின் தரத்தைக் கட்டியவரும் உரிமையாளரும் தாங்களே மதிப்பிட முடியாது. எது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எளிய வழி, வெளியாள் ஒருவரை உட்காரவைத்து ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, குறுக்கிடாமல் பார்ப்பது. ஐந்து பேரோடு செய்யும் சோதனையே பெரும்பாலான சிக்கல்களை வெளிக்கொண்டுவரும் என்று நீல்சன் 2000இல் வாதிட்டார். ஒரே பக்கத்தின் இரு வடிவங்களை இரு குழுக்களுக்குக் காட்டி விளைவை ஒப்பிடும் ஏ/பி சோதனை, வருகை அதிகமுள்ள தளங்களுக்கு ஏற்றது. மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் விளம்பரத் தலைப்பைக் காட்டும் முறையில் செய்ய எண்ணிய ஒரு சிறு மாற்றம் மாதக்கணக்கில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 2012இல் ஒரு பொறியாளர் அதைச் சோதித்தபோது வருவாய் 12 சதவீதம் உயர்ந்தது.

ஒட்டுமொத்தமாக இடித்துக் கட்டுவதில் ஆபத்து அதிகம். பிரிட்டனின் சில்லறை விற்பனை நிறுவனமான மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் அதுவரை அமேசானின் கட்டமைப்பில் இயங்கிய தன் தளத்தைக் கைவிட்டு, 15 கோடி பவுண்டு செலவில் உருவாக்கிய புதிய தளத்தை 2014 பிப்ரவரியில் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் மீண்டும் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. பழகிய இடத்தில் பழகியவை இல்லை. அடுத்து வந்த காலாண்டில் இணைய விற்பனை 8.1 சதவீதம் சரிந்தது. பின்னர் விற்பனை மீண்டது என்றாலும், புதுப்பிப்பின் விலையை வாடிக்கையாளரின் பழக்கத்திலிருந்தும் கழிக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. பெரிய தளங்கள் இன்று ஒரு பக்கம், ஒரு படிவம், ஒரு பொத்தான் என்று சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொன்றின் விளைவையும் அளந்த பிறகே அடுத்ததைத் தொடுகின்றன. சிறு நிறுவனத்துக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. மாறிய விலை, வேலை நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றை அன்றன்றே திருத்துவதும், மாதம் ஒருமுறை சாதாரணக் கைபேசியில் தானே வாடிக்கையாளராக ஒரு பொருளை வாங்கிப் பார்ப்பதும் போதும்.